குரலைக் கொடுத்துக் காற்றைக் கட்டியவள்: ஓர் அமானுஷ்யக் காதல் குறுநாவலைக் கட்டும் விதம்

சூனியக்காரி நாயகியாக வரும் காதல் குறுநாவல்கள் பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எழுதுகிறவர் கையில் இரண்டு கதைகள் இருக்கும். ஒன்றில் மந்திரம், சாபம், தலைமுறைப் பகை. இன்னொன்றில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துத் தடுமாறுவது. இரண்டும் மாறி மாறி வருமே தவிர ஒன்றையொன்று தொடாது. பெரிய நாவலில் இடம் தாராளம், இரண்டையும் எப்படியாவது ஓட்டிவிடலாம். குறுநாவல் தாங்காது. எட்டாவது அத்தியாயத்தில் எழுதுகிறவருக்கே அலுத்துவிடும்.

எழுதியும், பிறர் எழுதியதைத் திருத்தியும் பார்த்ததில் இதற்கு ஒரு மருந்துதான் வேலை செய்கிறது. மந்திரத்துக்கு அவள் கொடுக்கும் விலையும் காதலுக்குக் குறுக்கே நிற்கும் தடையும் ஒன்றாகவே இருக்கட்டும். அவள் எதை இழந்தால் மந்திரம் பலிக்குமோ, அதைக் கொண்டுதான் அவன் அவளை நேசிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

மூக்கில் ரத்தம், தலைசுற்றல், மூன்று நாள் காய்ச்சல் எல்லாம் விலையே இல்லை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிற ஒன்றுக்கு வாசகர் ஏன் பயப்பட வேண்டும்? மறதியும் அளவுக்கு மேல் புழங்கிவிட்டது. மந்திரம் போடப் போட நினைவுகள் அழியும் என்று தொடங்கும் கதைகள், எந்த நினைவு எப்போது போனது என்று எழுதியவரே குழம்பும் இடத்தில் போய் முடிகின்றன.

பேசுவதற்கு வசதியாக ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். காற்றை முடிச்சில் கட்டும் சூனியக்காரிகளைப் பற்றிய நம்பிக்கை வட ஐரோப்பாவில் வெகுகாலம் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே பதிவாகியிருக்கிறது. மாலுமிகளுக்கு மூன்று முடிச்சிட்ட கயிற்றை விற்பார்களாம். முதல் முடிச்சை அவிழ்த்தால் இளங்காற்று, இரண்டாவதில் பலத்த காற்று, மூன்றாவதில் புயல். இதை அப்படியே திருப்பிப் போடலாம். நம் நாயகி காற்றை அவிழ்ப்பவள் அல்ல, அடக்கிக் கட்டுபவள். முதல் முடிச்சுக்கு விலை ஒரு நாள் குரல். இரண்டாவதற்கு ஒரு மாதக் குரல். மூன்றாவது முடிச்சுக்குப் பிறகு குரல் திரும்பாது.

பெயர் யாழினி என்று வைப்போம். கப்பல்களோடு பேசும் துறைமுக வானொலி நிலையத்தில் இரவுப் பணி. செழியன் ஒரு சிறிய சரக்குக் கப்பலின் தலைவன். அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவனுக்குப் பழக்கமானது அவள் குரல். அந்தக் குரலுக்காகத்தான் இரவில் தேவையில்லாமல் ஒருமுறை கூடுதலாக வானிலை கேட்கிறான். இனி அவள் போடும் ஒவ்வொரு முடிச்சும் காதலில் விழும் முடிச்சு. விலைக்கென்று தனியாக ஒரு காட்சி எழுத வேண்டியதே இல்லை. குரலை இழக்கும் பெண் பழைய கதைதானே என்பீர்கள். பழையதுதான். விலை புதிதாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை, அது போய்க் குத்தும் இடம் புதிதாக இருந்தால் போதும்.

எழுதத் தொடங்கும் முன் மந்திரச் சட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். மந்திரத்தால் என்ன ஆகும், என்ன ஆகாது, விலை என்ன, அது யார் யாருக்குத் தெரியும்? நான்கில் ‘என்ன ஆகாது’ என்ற கேள்விக்குத்தான் நீளமான பதில் வேண்டும். யாழினியால் காற்றை உண்டாக்க முடியாது. ஏற்கெனவே வீசும் காற்றைத்தான் கட்டலாம். மழையும் அலையும் அவள் பேச்சைக் கேட்காது. கண்ணுக்கெட்டும் கடலில்தான் முடிச்சு பலிக்கும். போட்ட முடிச்சை அவிழ்த்தாலும் குரல் திரும்பாது. கடைசி வரியை மறந்துவிட்டால், பதினோராவது அத்தியாயத்தில் எழுதுகிறவர் மனமிரங்கிக் குரலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கதை அந்த இடத்திலேயே செத்துவிடும்.

விலை உண்மையானது என்பதற்குச் சாட்சியும் வேண்டும். அவளுக்கு ஒரு பெரியம்மா. மூன்று முடிச்சையும் போட்டு முடித்தவள், சிலேட்டில் எழுதிக்காட்டித்தான் பேசுவாள். அவள் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே போதும், விலையை விளக்கி ஒரு பத்தியும் எழுத வேண்டாம். சூனியக்காரிகளின் சபை, தலைவி, விதிப்புத்தகம் என்று கூட்டம் சேர்க்காதீர்கள். குறுநாவலில் பெயருள்ள பாத்திரங்கள் ஐந்துக்கு மேல் போனால் காதலர்களின் இடம்தான் சுருங்கும். பூனை வேண்டுமென்றால் இருக்கட்டும், அதற்குக் கதையில் இரண்டு வேலையாவது கொடுங்கள்.

நீளத்துக்கு வருவோம். அறிவியல் புனைவு, மிகுபுனைவு உலகில் பெயர்பெற்ற ஹ்யூகோ, நெபுலா விருதுகள் குறுநாவல் என்று கொள்வது சுமார் 17,500 முதல் 40,000 சொற்கள் வரை. அது ஆங்கிலக் கணக்கு. தமிழில் ‘வந்துகொண்டிருந்தபோது’ என்பது ஒரே சொல் என்பதால் அதே கதைக்கு எண்ணிக்கை நன்றாகவே குறையும். 18,000 தமிழ்ச் சொற்கள், தலா 1,500 சொல்லில் 12 அத்தியாயங்கள் என்பது கைக்கடக்கமான அளவு.

இந்தக் கதையை அதில் நிரப்பினால் இப்படி வரும். முதல் அத்தியாயத்தில் குரல் வழியே சந்திப்பு. இரண்டாவதில் நேரில். மூன்றாவதில் முதல் முடிச்சு. மறுநாள் இரவு அவன் அழைக்கும்போது வேறொருவர் பதில் சொல்கிறார், அந்தச் சின்ன ஏமாற்றத்தில்தான் தன் மனம் போகும் திசை அவனுக்குப் புரிகிறது. நான்கும் ஐந்தும் நெருக்கம். ஆறின் முடிவில், அதாவது சரிபாதியில், இரண்டாவது முடிச்சு. அவள் மறைத்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியவருவதும் அங்கேதான். ஏழும் எட்டும் பேச்சில்லாத ஒரு மாதம். ஒன்பதில் குரல் திரும்புகிறது. பத்தில் பிரிவு, பதினொன்றில் புயல், பன்னிரண்டில் முடிவு.

ஏழும் எட்டும்தான் இந்த வகைக் கதையின் உயிர். எழுதுகிறவர்கள் அவசரமாகத் தாண்டுவதும் இவற்றைத்தான். ‘ஒரு மாதம் ஓடியது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் காதல் எங்கே வளரும்? குரலை விரும்பியவன் குரல் இல்லாத பெண்ணோடு என்ன செய்கிறான் என்பதல்லவா கதை! இங்கே மந்திரமே வேண்டாம். ஒரு திறமை வரட்டும். செழியன் யோசிக்கும்போது மேசையில் விரலால் மோர்ஸ், அதாவது நீண்டதும் குறுகியதுமான தட்டல்களால் எழுத்தைச் சொல்லும் பழைய தந்திக் குறியீடு, தட்டும் பழக்கமுள்ளவன் என்று இரண்டாவது அத்தியாயத்திலேயே ஒரு வரி போட்டுவையுங்கள். கப்பல்களின் ஆபத்துத் தகவலுக்கு மோர்ஸைச் சார்ந்திருக்கும் ஏற்பாடு 1999 பிப்ரவரி 1-உடன் முடிவுக்கு வந்துவிட்டது. எனவே இன்றைய மாலுமிக்கு அது சரளமாக வருவதே அதிசயம். அவன் அப்பாவிடம் கற்றான் என்றால் காரணமும் கிடைக்கிறது, அவனுக்கு ஒரு பழைய பாசமும் கிடைக்கிறது. அந்த மாதத்தில் அவள் அதைக் கற்றுக்கொள்கிறாள். முதலில் தப்பும் தவறுமாக, பிறகு அவனைக் கிண்டல் செய்யும் அளவுக்கு.

விலை அன்றாடத்தையும் தொட வேண்டும். ஒரு மாதம் பேச முடியாதவளை வானொலி வேலையில் யார் வைத்திருப்பார்கள் என்று வாசகர் கட்டாயம் கேட்பார். குறிப்பேடு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள், சம்பளம் குறைந்தது என்று இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது. அதை விட்டால் மந்திரமே பொய்யாகத் தோன்றும்.

மந்திரம் எவ்வளவு இஷ்டப்படி இருக்கிறதோ, மற்றதெல்லாம் அவ்வளவு சரியாக இருக்க வேண்டும். கப்பல்களும் கரையும் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அங்கே கொஞ்சிப் பேச முடியாது. அழைத்தபின் வேறு சேனலுக்கு மாற வேண்டும். மாறினாலும் கருவி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். இது தடையல்ல, வரம். ஊரே ஒட்டுக்கேட்கும் இடத்தில், வானிலை அறிக்கைக்குள் ஒளித்துத்தான் இருவரும் பேசியாக வேண்டும். ‘காற்று தணிந்திருக்கிறது, கவனமாக வாருங்கள்’ என்ற ஒரு வரிக்குள் எவ்வளவு வைக்கலாம் என்று எழுதிப் பாருங்கள். அந்த வானொலி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, தொடுவானத்துக்கு அப்பால் நெடுந்தூரம் எட்டாதவை என்பதையும் நினைவில் வையுங்கள். நடுக்கடலில் இருப்பவனோடு கரையில் இருப்பவள் மணிக்கணக்கில் பேச முடியாது.

நிலாவில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். நள்ளிரவில் தலைக்கு மேல் மெல்லிய பிறை நிற்கும் காட்சி எத்தனை கதைகளில்! வளர்பிறைக் கீற்று சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் மேற்கே இறங்கிவிடும். தேய்பிறைக் கீற்று விடியலுக்கு முன்தான் கிழக்கே எழும். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தில் எழுந்து, நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வந்து, விடியும்போது மறையும். நிலா எழும் நேரம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சுமார் 29.5 நாள். சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டுமே.

எனவே கதைக்கென்று ஒரு நாட்காட்டி வரையுங்கள். இந்தக் கதையில் முதல் முடிச்சு போட்ட பத்தாம் நாள் பௌர்ணமி, அன்று இரண்டாவது முடிச்சு. குரல் அடுத்த பௌர்ணமியில் திரும்பும். அதற்குப் பதினைந்து நாள் கழித்து அமாவாசையில் புயல். மொத்தம் எட்டு வாரத்துக்குள் அடங்கிவிட்டது. அமாவாசையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருட்டு மட்டுமல்ல. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்றம், உயர்ந்திருக்கும். அந்த நேரத்தில் புயலும் சேர்ந்தால் கடல் கரை ஏறும். வானியலே கதைக்கு உதவும்போது ஏன் விட வேண்டும்?

மூலிகைக்கும் இதே கவனம் தேவை. பெல்லடோனா, ஹென்பேன் போன்ற செடிகள் சூனியக்காரிக் கதைகளில் சகஜம். அவற்றிலுள்ள அட்ரோபின் வகை நச்சு வாயை உலர்த்தும், கண்மணியை விரிக்கும், பார்வையை மங்கவைக்கும், இதயத்தைப் படபடக்க வைக்கும், பிதற்ற வைக்கும். அந்தக் கஷாயத்தைக் குடித்த நாயகன் அடுத்த வரியிலேயே கவிதை பேசினால் விஷயம் தெரிந்தவர் சிரித்துவிடுவார். உண்மையான நச்சுச் செடிகளின் அளவை மட்டும் கதையில் எழுதவே வேண்டாம். படித்துவிட்டு யாராவது முயன்று பார்த்தால்?

வரலாற்றுக் காலத்தில் கதையை வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692-இல் நடந்த விசாரணைகளில் யாரும் எரிக்கப்படவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். இங்கிலாந்திலும் வழக்கமான தண்டனை தூக்குத்தான். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் கழுத்தை நெரித்தபின் உடலை எரித்தார்கள். பிரிட்டனில் 1735-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதுதான் குற்றம். அந்தச் சட்டமும் 1951-இல் நீக்கப்பட்டது. ஆகவே 1800-இல் லண்டனில் சூனியக்காரியைச் சட்டப்படி கொளுத்தும் காட்சி எழுதினால் நிற்காது. சூனியக்காரி என்ற பழியால் இன்றும் பெண்கள் அடிபடுகிறார்கள், சாகிறார்கள். 2021 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இதைப் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. அந்தப் பழியைச் சுவைக்காகத் தூவாதீர்கள். கதையில் அது வருமென்றால் அதன் முழுக் கனத்தோடு வரட்டும்.

வசியம் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மந்திரத்தால் வந்த காதலை வாசகர் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் வேண்டியதில்லை. வசியம்தான் கதையின் கரு என்றால், அது இருக்கும்வரை உடல் நெருக்கம் கூடாது. அவனுக்கு உண்மை தெரிய வேண்டும். முக்கால் கதைக்குள் வசியம் உடைய வேண்டும். உடைந்தபின் அவன் அவளை விட்டு விலகி ஒரு முழு அத்தியாயமாவது தனியாக இருந்து, தன் புத்தியால் முடிவெடுத்துத் திரும்ப வேண்டும். ‘வசியம் முன்பே பலிக்காமல் போயிருந்தது, அவன் முதலிலிருந்தே காதலித்தான்’ என்ற கடைசி நிமிடத் திருப்பம் தப்பித்தல்தான். அவள் செய்ய நினைத்தது செய்ய நினைத்ததுதானே?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய கருவி இலவசமாகக் கிடைத்திருக்கிறது. ‘நீங்க’ என்று தொடங்கும் இருவர் ‘நீ’ என்று மாறும் இடம். அதை எங்கேயோ தற்செயலாக நடக்க விடாதீர்கள். யாழினி ‘நீங்க’வைக் கைவிடுவது பேச முடியாத மாதத்தில், சிலேட்டில் எழுதும்போது நடக்கட்டும். வாயால் வராத ஒருமை கையால் வருகிறது. ஒன்பதாவது அத்தியாயத்தில் குரல் திரும்பியதும் அதை முதன்முறை சத்தமாகச் சொல்கிறாள். பத்தில் சண்டை வந்ததும் மறுபடி ‘நீங்க’. ‘எனக்கு உன்மேல் கோபம்’ என்று எழுதுவதைவிட அந்த ஒரு சொல் ஆழமாக இறங்கும்.

மந்திரச் சொற்களுக்கு எந்த மதத்தின் உண்மையான வழிபாட்டு வரிகளையும் எடுக்காமல் நீங்களே கட்டுங்கள். மூன்று நான்கு வரி போதும். எதுகையும் மோனையும் இருந்தால் தானாக ஒரு வேகம் வந்துவிடும்:

வந்த வழியே வளைந்து திரும்பு
நொந்த அலையே நுரையாய் அடங்கு
தந்தேன் குரலைத் தாங்கிக் கொள்வாய்

பன்னிரண்டு சொற்கள். கடைசி வரியில் விலை இருக்கிறது. முதல் முடிச்சில் மூன்று வரியும் வரட்டும், இரண்டாவதில் கடைசி வரி மட்டும். மூன்றாவது முடிச்சில் ‘தந்தேன்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுங்கள். மீதியை வாசகர் தானே சொல்லிக்கொள்வார். (இரண்டாவது வரியைச் சரியாகப் படித்தவர், அலை அவள் பேச்சைக் கேட்காது என்று சட்டத்தில் எழுதினோமே என்று கேட்பார். நல்ல கேள்வி. வரியை மாற்றுங்கள், அல்லது அந்த வரி மட்டும் எப்போதும் பலிப்பதில்லை என்பதைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். இரண்டாவது வழிதான் சுவையானது.)

பிரிவுக் காட்சியைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். ஒரு போன் அழைப்பில் தீர்ந்துவிடுமா? தீருமென்றால் அது பிரிவல்ல, இழுத்தடிப்பு. பொறாமைக்காரத் தோழி சொன்ன பொய், பாதியில் காதில் விழுந்த உரையாடல் எல்லாம் இந்த ரகம். செழியனும் யாழினியும் பிரிவது எல்லாம் தெரிந்த பிறகு. ‘எனக்காக மூன்றாவது முடிச்சைப் போடமாட்டேன் என்று சத்தியம் செய்’ என்கிறான். கடலில் அவன் மட்டுமா இருக்கிறான், அவளால் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது, அவள் மறுப்பிலும் இருக்கிறது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தால்தான் வாசகர் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டுவார்.

புயல் இரவில் அவள் மூன்றாவது முடிச்சைப் போடத்தான் வேண்டும். இரண்டு முடிச்சு வரை காட்டிவிட்டு மூன்றாவதைத் தவிர்த்தால் ஏமாற்றியதாகிவிடும். ஆனால் மந்திரம் பாதி வேலையைத்தான் செய்யட்டும். காற்று தணிகிறது, அலை தணியவில்லை, கலங்கரை விளக்கு அணைந்துவிட்டது, ஐந்தாறு படகுகள் வழி தெரியாமல் நிற்கின்றன. வழி சொல்ல அவளிடம் குரல் இல்லை. வானொலியின் பேசும் பொத்தானை அவள் மோர்ஸ் கணக்கில் அழுத்துகிறாள், விடுகிறாள், மறுபடி அழுத்துகிறாள். பேசாவிட்டாலும் எதிர்முனைக் கருவியில் அந்தத் தொடக்கமும் முடிவும் கேட்கும். அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கடலில் ஒருவன்தான். அவன் தன் குரலால் மற்ற படகுகளுக்கு வழி சொல்கிறான். இருவரையும் காப்பாற்றியது அந்த ஒரு மாதம்தான். நாயகன் காப்பாற்றப்படும் மூட்டையாக இல்லாமல் வேலை செய்கிறான் என்பதும் முக்கியம்.

காதல் நாவல் என்பதற்கு அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் இரண்டே நிபந்தனைகள் வைத்தது. காதல் கதையின் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அதற்காகக் குரலைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கடைசி 1,500 சொல்லில் இருவரும் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டுங்கள். வேலைக்கு என்ன ஆனது, சண்டை வந்தால் எப்படிப் போடுகிறார்கள், பெரியம்மா அவனிடம் சிலேட்டில் முதன்முதலாக எழுதியது என்ன? திருமணக் காட்சி இருந்தால்தான் நிறைவு என்றில்லை.

வரைவு முடிந்தபின் ஒரு வாரமாவது தொடாதீர்கள். பிறகு அச்செடுத்து இரண்டு நிறப் பேனாக்களோடு உட்காருங்கள். காதல் நகரும் பத்திக்கு ஒரு நிறம், மந்திரத்துக்கு இன்னொன்று. மந்திர நிறம் மட்டும் தொடர்ந்து இரண்டு பக்கம் வந்தால் அங்கே விளக்கவுரை ஓடுகிறது, வெட்டலாம். காதல் நிறம் மட்டும் ஐந்து பக்கம் வந்தால் நாயகி சூனியக்காரி என்பது மறந்துபோயிருக்கிறது. இரண்டு நிறமும் ஒரே பத்தியில் விழும் இடங்களை எண்ணுங்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாவது இல்லையென்றால் விலையைத் தப்பாகத் தேர்ந்திருக்கிறீர்கள், வாக்கியங்களைத் திருத்திப் பயனில்லை. சட்டப் பக்கத்தை மறுபடி எழுத வேண்டும்.

கடைசியாக, கதை தெரியாத ஒருவரிடம் ஆறாவது அத்தியாயம் வரை மட்டும் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது முடிச்சைப் போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ‘குரல் போய்விடும்’ என்று மட்டும் சொன்னால் முதல் ஆறு அத்தியாயங்களில் காதல் போதவில்லை. ‘ஐயோ, அவன் எப்படித் தாங்குவான்?’ என்றால் மீதி ஆறையும் கொடுக்கலாம்.